பூட்டிய லாட்ஜும் இருபத்திரண்டு சம்பளமும்

கொடைக்கானலில் லாட்ஜ் நடத்துகிறவர்களுக்கு வருடம் என்பதே ஏப்ரலும் மேயும்தான். செப்டம்பர், அக்டோபரில் இரண்டாம் சீசன் என்று ஒன்று உண்டு, தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் கொஞ்சம் கூட்டம் வரும். ஆனால் லீஸ் பணம், சம்பளம், பெயின்ட், கேஸ், கரண்ட் பில் எல்லாவற்றுக்கும் நாங்கள் கணக்குப் போடுவது கோடையை வைத்துத்தான். அந்தக் கோடை 2020இல் கொரோனா ஊரடங்கால் வரவே இல்லை. சரி, போனால் போகட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தால், 2021இலும் வரவில்லை. ஏரிச்சாலையிலிருந்து கொஞ்சம் மேலே பதினெட்டு அறைகளும் ஒரு சின்ன சாப்பாட்டுக் கூடமும் கொண்ட லாட்ஜை லீஸுக்கு எடுத்து நடத்துகிறேன். அப்போது என்னிடம் இருபத்திரண்டு பேர் வேலை பார்த்தார்கள். கணவர் குவைத்தில். விமானம் நின்றுவிட்டதால் அவரும் வர முடியவில்லை, அங்கே அவருக்கும் பாதிச் சம்பளம். தெரிந்த லாட்ஜ்காரர்களிடம் பேசினால் லீஸைக் குறைக்கச் சொல்வோம், வரியைத் தள்ளுபடி செய்யச் சொல்வோம் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆட்களை என்ன செய்வது என்று கேட்டால், "ஊருக்கு அனுப்பி வச்சிருங்கம்மா, திறக்கிறப்ப ஆளா கிடைக்காது" என்பார்கள். அதைத் தாண்டி ஒரு வழி சொல்ல யாரும் இல்லை. அதனால்தான் என்ன செய்தேன், எவ்வளவு போனது, எது கைகொடுத்தது என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் பண நிலவரம். எங்கள் லீஸ் வருடத்துக்கு 16 லட்சம், இரண்டு தவணை. முதல் தவணை 8 லட்சத்தை மார்ச் ஆரம்பத்தில் கட்டியாகிவிட்டது. சீசனுக்கு முன்னால் கட்டுவதுதான் இங்கே வழக்கம். மார்ச் நடுவிலேயே சுற்றுலா இடங்களை மூடினார்கள். 24ஆம் தேதி மாலையிலிருந்து மாநிலம் முழுக்க 144 தடை உத்தரவு, மறுநாளிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. மார்ச் சம்பளத்தைப் போட்ட பிறகு கையிலும் பேங்கிலுமாக 9 லட்சம் இருந்தது. அதில் 3 லட்சத்துக்கு மேல் மே மாதத்துக்கு ரூம் போட்டவர்கள் கொடுத்த அட்வான்ஸ். அது என் பணம் இல்லை. இந்த ஒன்றில் தெளிவாக இருந்ததால்தான் பிறகு தலை நிமிர்ந்து நடக்க முடிந்தது. கேட்டவர்களுக்கு எல்லாம் திருப்பிக் கொடுத்தேன், "அடுத்த வருஷம் வர்றோம், வச்சுக்குங்க" என்றவர்களின் பெயரை மட்டும் நோட்டில் எழுதி வைத்தேன். ஆக, என்னுடையது என்று 6 லட்சம். மாதச் சம்பளச் செலவு 2,70,000. மூன்றாம் வகுப்புக் கணக்குத்தான், இரண்டு மாதத்துக்கு மேல் தாங்காது. அதைத் தெரிந்துகொண்டு தூங்கப்போவது தனிக் கொடுமை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அதே கணக்கை இன்னொரு தாளில் போடுவேன், வேறு விடை வரும் என்பதுபோல.

மார்ச் 29ஆம் தேதி மத்திய உள்துறையிலிருந்து, ஊரடங்குக் காலத்தில் சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மே 18 முதல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. நடுவில் வந்த ஏப்ரல் மாதத்துக்கு முழுச் சம்பளம் கொடுத்தேன். உத்தரவுக்குப் பயந்து என்று மட்டும் சொல்ல மாட்டேன். அடுத்த மாதம் குறைக்கப் போகிறோம் என்றால் அதற்கு முன்னால் ஒரு மாதமாவது அவர்களுக்கு மூச்சுவிட நேரம் வேண்டும் என்று தோன்றியது. ஏப்ரல் கடைசியில் அக்கம்பக்கத்தில் இருந்தவர்களை வாசலில் தள்ளித் தள்ளி உட்காரவைத்துப் பேசினேன். மேல்மலைப் பக்கம் மன்னவனூரிலும் பூம்பாறையிலும் இருந்தவர்கள் போனில். கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு லீஸ் இவ்வளவு, கடன் இவ்வளவு, இருப்பு இவ்வளவு என்று விளக்கமாகச் சொல்லிக்கொண்டே போனேன். எதையும் மறைக்கக் கூடாது என்ற எண்ணம். பாதியில் வாட்ச்மேன் அண்ணன் கையைத் தூக்கி, "அக்கா, கணக்கெல்லாம் நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். எவ்வளவு தருவீங்க, எது வரைக்கும் தருவீங்க? அதை மட்டும் சொல்லுங்க, நாங்க மத்ததைப் பாத்துக்கிறோம்" என்றார்.

அன்றைக்கு அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. ஜூன் 30 வரை ஒருவரையும் நிறுத்த மாட்டேன், மாதம் இன்ன தொகை 5ஆம் தேதி கணக்கில் வந்துவிடும், ஜூன் 20ஆம் தேதி மறுபடி உட்கார்ந்து ஜூலையைப் பற்றிப் பேசுவோம் என்றேன். இந்த மூன்று தேதிகள்தான் நான் கொடுத்த பெரிய உதவி என்று இப்போதும் நினைக்கிறேன். நெருக்கடி வரும்போது முதலாளிகள் "பார்த்துக்கலாம்", "கவலைப்படாதீங்க" என்று சொல்வார்கள். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் பக்கத்துக் கிராமமான பள்ளங்கியில் கடைக்காரரிடம் கடன் சொல்லி அரிசி வாங்குகிறவருக்குக் "கவலைப்படாதீங்க"வைக் காட்டிச் சரக்கு வாங்க முடியாது. "5ஆம் தேதி 7,700 வரும்" என்று சொன்னால் கடைக்காரர் கொடுப்பார். தொகை சின்னதானாலும் பரவாயில்லை, தேதியோடு சொல்லுங்கள், சொன்ன தேதியில் போடுங்கள். ஒரு மாதம் ஒரு நாள் தாமதமானால்கூட அன்று காலையிலேயே நீங்களே போன் செய்து சொல்லிவிடுங்கள், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

குறைப்பதை எப்படிக் குறைப்பது என்பதில் நிறைய யோசித்தேன். எல்லோருக்கும் பாதி என்று போடுவது சுலபம். ஆனால் 9,000 வாங்குகிறவருக்குப் பாதியும் 22,000 வாங்குகிறவருக்குப் பாதியும் ஒன்றா? அதனால் 12,000க்குக் கீழே இருப்பவர்களுக்கு 70 சதவீதம், அதற்கு மேல் 15,000 வரை 60, மேனேஜருக்கும் சமையல் மாஸ்டருக்கும் 50. எனக்கு ஒன்றும் இல்லை. செலவு 1,75,000 ஆனது. வேலையும் அதற்கேற்ப வாரத்தில் மூன்று நாள். மற்ற நாள்களில் வேறு வேலைக்குப் போகலாம், என்னிடம் கேட்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டேன். மேல்மலைக்காரர்கள் பூண்டு, கேரட் தோட்டங்களுக்குப் போனார்கள். கீழ்மலைப் பக்கம் இரண்டு பேர் காப்பித் தோட்ட வேலைக்குப் போனார்கள். நம் ஆள் வேறு இடத்தில் கூலிக்குப் போனால் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற முதலாளிகளை எனக்குத் தெரியும். அந்தக் கௌரவம் யாருக்குச் சோறு போடும்?

மாஸ்டர்தான் கோபித்துக்கொண்டார். "நான் வராட்டி அடுப்பே பத்தாது, எனக்கு அம்பதா?" என்று நாலு நாள் பேசவில்லை. அப்புறம் அவரே பார்சல் யோசனையோடு வந்தார். பார்சலுக்கு மட்டும் அனுமதி இருந்த நேரம், வெளியூர்க்காரர்களாக வந்து இங்கே மாட்டிக்கொண்ட அரசு ஊழியர்கள், பேங்க்காரர்கள் இருந்தார்கள். மத்தியானச் சாப்பாடு 60 ரூபாய். லாபம் ஒன்றும் பெரிதாக இல்லை, கேஸும் காய்கறியும் போக கொஞ்சம் மிஞ்சும். அதை மாஸ்டருக்கும் கூட நின்ற இரண்டு பையன்களுக்கும் பிரித்துக் கொடுத்தோம். அந்த இரண்டு பையன்களும் ஜார்க்கண்ட்காரர்கள், ரூம் பாய்களாக வந்தவர்கள். இங்கே குடும்ப அட்டை வைத்திருந்தவர்களுக்கு ஏப்ரலில் 1,000 ரூபாயும் இலவச அரிசியும் கிடைத்தன. இவர்களுக்கு எதுவும் கிடையாது. வெளிமாநில அட்டைக்கும் இங்கே ரேஷன் கொடுக்கிற 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்ததே அந்த வருடம் அக்டோபரில்தான். உங்களிடம் வெளிமாநிலப் பிள்ளைகள் வேலை பார்த்தால் சம்பளக் கணக்கோடு நிறுத்தாமல் அவர்கள் சாப்பாட்டையும் தனியாகக் கணக்கில் எடுங்கள். உள்ளூர்க்காரருக்கு மாமன் வீடு, சித்தி வீடு என்று ஏதாவது இருக்கும், அவர்களுக்கு நம் அடுப்பு ஒன்றுதான்.

நகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது. ஜூன் 20 நெருங்கும்போது இருப்பு கரைந்துவிட்டது. எங்கள் வீட்டில் நகை அடகு வைத்தது கிடையாது, அம்மா காலத்திலும் இல்லை. மூஞ்சிக்கல் பக்கம் பேங்கில் வரிசையில் நின்றபோது தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூனிக் குறுகினேன். மாஸ்க் போட்டது அன்றைக்குத்தான் முதல்முறையாக வசதியாக இருந்தது. 4,50,000 கிடைத்தது. அந்த வருடம் தங்கம் விலை ஏறிக்கொண்டே போனதால் நினைத்ததைவிடக் கூடுதல். ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, பேங்குகள் நகை மதிப்பில் 90 சதவீதம் வரை கடன் தரலாம் என்று தளர்த்தியது. ஆனால் அதிகம் கிடைக்கிறது என்று அதிகம் வாங்காதீர்கள், வட்டி ஓடும், மீட்கும்போதுதான் தெரியும். அதேபோல் கடன் தவணைக்கு ஆகஸ்ட் வரை கொடுத்த அவகாசமும். தவணைதான் நின்றது, வட்டி நிற்கவில்லை, அது அசலோடு சேர்ந்துகொண்டே போனது. பலர் இதைத் தள்ளுபடி என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் எனக்குக் கைகொடுத்தது அரசு உத்தரவாதத்தோடு வந்த அவசரக் கடன் திட்டம். 2020 பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம், புதிதாக எதையும் அடமானம் வைக்காமல், முதல் ஒரு வருடம் அசல் கட்டாமல். எனக்கு 15 லட்சம் நிலுவை இருந்ததால் 3 லட்சம் கிடைத்தது. அதற்கும் பேங்கில் அவர்களாகக் கூப்பிடவில்லை, நான் போய்க் கேட்ட பிறகுதான் பாரத்தை எடுத்தார்கள். அந்த 3 லட்சமும் நகைப் பணமும் சேர்ந்துதான் ஜூலை முதல் செப்டம்பர் வரை சம்பளமாயின.

இனி நான் நிறையச் சொல்ல வேண்டியது பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதி விஷயம். 2017இல் எங்கள் ஆள் எண்ணிக்கை இருபதைத் தொட்டபோதே எல்லோரையும் பி.எஃப்.இல் சேர்த்திருந்தேன். இங்கே பல இடங்களில் இருபதைத் தொடாமல் பத்தொன்பதிலேயே நிறுத்திக் கணக்குக் காட்டுவார்கள். "ஏன் தண்டத்துக்குக் கட்டுற?" என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, நூறு பேருக்குள் ஆள் இருந்து, அவர்களில் 90 சதவீதம் பேர் 15,000க்குக் கீழ் வாங்கினால், அந்தக் கீழ்ச் சம்பளக்காரர்களுக்கான தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு இரண்டையும், அதாவது 24 சதவீதத்தையும், மத்திய அரசே கட்டியது. எங்களில் இரண்டு பேர்தான் 15,000க்கு மேல். இருபத்திரண்டில் இரண்டு என்பதால் மயிரிழையில் தப்பினோம். என் பங்கில் மாதம் சராசரியாக 20,000க்குக் குறையாமல் மிச்சம், அவர்களுக்கும் பிடித்தம் இல்லை. மாதா மாதம் கணக்குத் தாக்கல் செய்தவர்களுக்கு மட்டும்தான் அது. சம்பளமே போடாமல் ஆளை ஊருக்கு அனுப்பியவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்று, கொரோனா முன்பணம் என்று தங்கள் பி.எஃப்.இலிருந்தே மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் அல்லது இருப்பில் 75 சதவீதம், இதில் எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளலாம், திருப்பிக் கட்ட வேண்டாம் என்று விட்டார்கள். இப்போது அந்தச் சலுகை இல்லை. எடுக்கலாம் என்று ஆனதும் ஒருவராலும் எடுக்க முடியவில்லை. ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப்.இல் இன்னொரு பெயர். ஒருவருக்கு இனிஷியல் முன்னால், இன்னொருவருக்குப் பின்னால். ஒரு அக்காவுக்கு ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1. கேட்டால், "அப்ப கேம்ப்ல அவங்களா போட்டுக்கிட்டாங்க" என்கிறார். ஆதாரோடு சேர்த்த போன் நம்பர் ரீசார்ஜ் போடாமல் செத்துப்போயிருக்கும், ஓ.டி.பி. எங்கே வரும்? ரிசப்ஷன் தம்பியும் நானும் மேஜையைத் தூக்கி வராந்தாவின் வலது மூலையில் போட்டோம், டவர் கிடைப்பது அங்கே மட்டும்தான். ஒவ்வொருவராக உட்காரவைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தோம். மழைக்கு மேலே தார்ப்பாய். அந்த ஏப்ரலில் பி.எஃப். நிறுவனம், பிறந்த தேதி வித்தியாசம் மூன்று வருடத்துக்குள் இருந்தால் ஆதாரையே சான்றாக ஏற்கலாம் என்று சொல்லியிருந்ததால் பாதிப் பேருக்குச் சிக்கல் தீர்ந்தது. அப்படியே கையோடு எல்லோருக்கும் நாமினி பெயரையும் பதிந்தோம். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பெயரைக் கொடுத்து அப்படியே விட்டவர்கள் எத்தனை பேர்! நல்ல நாளில் இதைச் செய்து வையுங்கள். ஆஃப் சீசனில் ஒரு மழை நாள் போதும். நெருக்கடியில் பணத்தைவிட முதலில் தீர்ந்துபோவது பொறுமை. எழுத்துப்பிழையைத் திருத்த அப்போது யாருக்கும் மனம் வராது.

லாட்ஜைப் பூட்டினால் வேலை இல்லை என்று மலைக்குக் கீழே இருப்பவர்கள் நினைப்பார்கள். கொடையில் அறையைப் பூட்டி வைத்தால் மூன்று வாரத்தில் அது நம்முடையதில்லை, பூசணத்துடையது. மெத்தையின் அடிப்பக்கம் கறுப்புப் பொட்டு, அலமாரிக்குள் புளித்த வாடை, கட்டில் காலில் வெள்ளைப் பொடி. வெயில் அடிக்கிற ரெண்டு மணி நேரத்துக்குள் பதினெட்டு அறை ஜன்னலையும் திறந்து, மெத்தையைச் சாய்த்து வைத்து, மூடுபனி ஏறுவதற்குள் மறுபடி மூட வேண்டும். இந்த வேலைக்காகத்தான் வாரம் மூன்று நாள் வந்தார்கள். வந்த இடத்தில் மற்ற நேரம் சும்மா இருந்ததால் மனசு குழம்பிக்கொண்டே இருந்தது. எல்லோரும் போனில் வருகிற வாட்ஸ்அப் வதந்தியைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதைத் தடுக்கத்தான் ஆளுக்கு ஆள் வேலை சொல்லிக்கொடுக்கலாம் என்று ஆரம்பித்தேன். பெரிய பயிற்சித் திட்டம் என்று அப்போது நினைக்கவே இல்லை. மாஸ்டரிடம் இரண்டு பையன்கள், பிளம்பிங் தெரிந்த வாட்ச்மேன் அண்ணனிடம் கீஸரும் குழாயும் கற்றுக்கொள்ள இரண்டு பேர், ரிசப்ஷன் தம்பியிடம் கம்ப்யூட்டரும் ரூம் புக்கிங்கும் கற்க மூன்று பேர். ஒரே விதி, சொல்லிக்கொடுப்பவருக்கு அந்த மாதம் 500 ரூபாய் கூடுதல். கற்றுக்கொள்பவருக்கு ஊக்கத்தொகை கொடுக்க எல்லோரும் நினைப்பார்கள். கற்றுக்கொடுப்பவர்தான் பயப்படுகிறவர். தன் தொழிலை இன்னொருவன் கற்றுவிட்டால் தனக்கு என்ன மதிப்பு என்று நினைப்பார், அதுவும் ஆட்குறைப்பு நேரத்தில். அவரிடம்தான் முதலில் பேச வேண்டும். மாஸ்டரிடம் நான் நேராகவே சொன்னேன்: "இந்தப் பையன் கத்துக்கிட்டான்னு உங்களை அனுப்ப மாட்டேன். எழுதித் தரணுமா?" அவர் சிரித்துவிட்டு, "எழுத வேண்டாம், சொன்னீங்கள்ல, போதும்" என்றார்.

ரிசப்ஷன் கற்க வந்த மூவரில் ஒருவர் பள்ளங்கியிலிருந்து வருகிற ஹவுஸ்கீப்பிங் அக்கா. எட்டாவது வரை படித்தவர். கம்ப்யூட்டர் அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. ஆனால் போனைக் கையில் கொடுத்தால் வேறு ஆள். தம்பி போனை எடுத்தால் "டபுள் ரூம் 1,800, டீலக்ஸ் 2,400" என்று ரேட்டை ஒப்பிப்பான். இவர், "எத்தனை பேர் வர்றீங்க? வயசானவங்க இருக்காங்களா? அப்படின்னா மாடி வேண்டாம்மா, கீழ 4ஆம் நம்பர் தர்றேன், காலையில வெயில் விழும். வெந்நீர் ஆறு மணிக்கு வேணுமா?" என்பார். ஒவ்வொரு அறையையும் தினமும் துடைத்தவருக்குத்தானே எந்த அறையில் எப்போது வெயில் விழும் என்று தெரியும்! அந்தச் செப்டம்பரில் இ-பாஸோடு சுற்றுலாப் பயணிகளை விட ஆரம்பித்தபோது, போனில் விசாரித்தவர்கள் தயங்காமல் ரூம் போட்டது இவர் பேசிய நாள்களில்தான்.

மேனேஜர் ஆகஸ்டில் போய்விட்டார். போகலாம், அது அவர் உரிமை. போகும்போது நம் பழைய வாடிக்கையாளர்கள் போன் நம்பர்களையும் எடுத்துக்கொண்டு போய் வேறொரு லாட்ஜில் சேர்ந்ததுதான் வலித்தது. ஐம்பது சதவீதச் சம்பளத்தை நகையை வைத்துக் கொடுத்திருக்கிறேன், இப்படிச் செய்கிறாரே என்று இரண்டு நாள் சாப்பாடே இறங்கவில்லை. நாம் ஆதரித்தவர்கள் எல்லோரும் கூடவே நிற்பார்கள் என்று எதிர்பார்த்தால் வீணாக மனம் உடையும். இருபத்திரண்டில் ஐந்து பேர் அந்த வருடத்துக்குள் போனார்கள். ஜார்க்கண்ட் பையன்களில் ஒருவன், மாஸ்டரிடம் கற்ற பரோட்டாவையும் பிரியாணியையும் வைத்து ராஞ்சியில் கடை போட்டுவிட்டான். அவன் மேல் கோபம் வரவில்லை, மேனேஜர் மேல் இன்னும் இருக்கிறது. பேசித் தீர்க்கிற அளவுக்குப் பெரிய மனசு எனக்கு இல்லை. மேனேஜர் வேலைக்கு வெளியாளை எடுக்காமல் ரிசப்ஷன் தம்பியையும் பள்ளங்கி அக்காவையும் சேர்த்து உட்காரவைத்தேன். கணக்கு அவன், ஆட்களும் விருந்தினரும் அவர். சம்பளத்தையும் அப்போதே உயர்த்தினேன். பொறுப்பை இன்றைக்குக் கொடுத்துவிட்டுச் சம்பளத்தை "நிலைமை சரியானதும் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுகிற பழக்கம் நம் தொழிலில் ரொம்ப உண்டு.

திறந்த பிறகு வந்தவர்களுக்கு ஒரே பயம், ரூம் சுத்தமா என்று. சுற்றுலா அமைச்சகத்தின் சாத்தி என்ற திட்டத்தில் சுத்தம், பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றுவதாக அப்போது நாமே சுயசான்று கொடுக்க முடிந்தது, ஆன்லைன் வகுப்பும் இருந்தது. செய்தோம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பயிற்சியும் அப்படித்தான், உணவைக் கையாளும் இருபத்தைந்து பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் வேண்டும் என்பது கணக்கு. எங்களுக்கு ஒருவர் போதும், ஆனாலும் இருவரை எழுதவைத்தேன். சான்றிதழை ஃப்ரேம் போட்டு மாட்டியதும் மாஸ்டர் அதற்குக் கீழே நின்று போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினார்.

2021 ஏப்ரல் 20லிருந்து சுற்றுலா இடங்களுக்கு மறுபடி தடை, மே 10 முதல் முழு ஊரடங்கு. இந்த முறை எனக்கு என்ன செய்வது என்று தெரிந்திருந்தது. அன்று மாலையே உட்கார்ந்தோம், தொகை, தேதி, அடுத்த பேச்சு எப்போது, அரை மணியில் முடிந்தது. ஆனால் முதல் அலையில் பணம்தான் பயம், இரண்டாவதில் உயிர். எங்கள் தோட்டக்கார அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. கொடை ஆஸ்பத்திரியிலிருந்து தேனி மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார்கள். மலை இறங்குகிற அந்த நேரம் முழுக்க அவர் மகன் எனக்கு போன் செய்துகொண்டே இருந்தான். மே கடைசியில் இறந்துவிட்டார். அடக்கத்துக்கு நாங்கள் யாரும் போக முடியவில்லை. அவருக்குப் பிடித்த டேலியாச் செடிகளுக்கு ஒரு வாரம் யாரும் தண்ணீர் விடவில்லை, விட மனம் வரவில்லை.

இங்கேதான் அந்த வராந்தா மேஜை வேலை செய்தது. பி.எஃப்.இல் இருக்கும் ஒவ்வொருவருக்கும், அவர் கையிலிருந்து ஒரு பைசா பிடிக்காமல், முதலாளி கட்டுகிற அரை சதவீதத்தில் ஒரு ஆயுள் காப்பீடு உண்டு. 2021 ஏப்ரல் 28 முதல் அதில் குறைந்தது 2,50,000, அதிகபட்சம் 7,00,000. அந்தக் குறைந்தபட்சத் தொகைக்கு ஒரு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும். பாதிச் சம்பளக் காலத்திலும் நான் கணக்கை நிறுத்தாமல் தாக்கல் செய்து வந்ததால் அவர் தொடர்ச்சி அறுபடவில்லை. பி.எஃப். பணத்துக்குப் படிவம் 20, குடும்ப ஓய்வூதியத்துக்கு 10டி, காப்பீட்டுக்கு 5ஐஎஃப், மூன்றையும் ஒரே நேரத்தில் கொடுத்தோம். நாமினியாக அவர் மனைவி பெயர் ஆதாரில் உள்ளபடியே இருந்ததால் வாரிசுச் சிக்கல் எதுவும் வரவில்லை. வருடக் கடைசியில் பணம் வந்தது. கொரோனாவில் இறந்தவர்கள் குடும்பத்துக்கான 50,000 ரூபாயும் தனியாக விண்ணப்பித்துக் கிடைத்தது. இப்படி ஒரு காப்பீடு இருப்பதே தெரியாமல் விட்ட குடும்பங்களை அதற்குப் பிறகு பார்த்திருக்கிறேன். உங்களிடம் வேலை பார்த்தவர் இறந்தால் மாலை போடப் போகும்போது இந்த மூன்று படிவத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். பதினாறாம் நாள் முடியட்டும் என்று நினைத்தாலும் சரி, ஆனால் நீங்களே போங்கள், அவர்களை அலையவைக்காதீர்கள். அவர் மனைவி தானாகவே கேட்டு எங்கள் சமையலறையில் சேர்ந்தார்.

மொத்தக் கணக்கு கேட்டால், இரண்டு வருடத்தில் நான் இழந்தது லீஸோடு சேர்த்து 24 லட்சத்துக்குக் கிட்ட. கட்டட உரிமையாளர் முதல் வருடம் ஒரு ரூபாய் குறைக்கவில்லை, இரண்டாவது வருடம் மூன்று மாத வாடகையை விட்டுக்கொடுத்தார். நகையை 2023இல்தான் மீட்டேன். கிடைத்தது என்ன என்றால், 2021 ஜூலைக்குப் பிறகு மலைமேல் எல்லா இடத்திலும் ஆள் தேடி அலைந்தபோது என்னிடம் பதினாறு பேர் அப்படியே இருந்தார்கள், அதில் பாதிப் பேருக்கு இரண்டு வேலை தெரியும். ஒருவர் லீவு போட்டால் லாட்ஜ் நிற்காது.

2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவில் மறுபடி இ-பாஸ் வந்தபோது பாதி லாட்ஜ்காரர்கள் சீசன் போச்சு என்று தலையில் கைவைத்தார்கள். பள்ளங்கி அக்கா அன்று காலையிலிருந்து ரூம் போட்ட ஒவ்வொருவருக்கும் தானே போன் செய்து, பாஸை எப்படி எடுப்பது என்று படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தார். அதற்கு அடுத்த வருடம் கொடைக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று அளவும் வைத்தார்கள். இனி இது போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. அதனால் சீசன் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டு வைக்கிறேன், மூன்று மாதச் சம்பளம் சேரும்வரை அதைத் தொடுவதில்லை. லீஸ் பத்திரத்தைப் புதுப்பித்தபோது, அரசு உத்தரவால் விருந்தினரை ஏற்க முடியாத மாதங்களுக்கு வாடகை பாதி என்று ஒரு ஷரத்துச் சேர்க்கச் சொல்லி வக்கீலிடம் எழுதிக் கொடுத்தேன். உரிமையாளர் பாதிக்கு இறங்கவில்லை, நாற்பது சதவீதம் குறைக்க ஒத்துக்கொண்டார். அதுவும் பேச்சாக இல்லாமல் பத்திரத்தில் ஏறியதால் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.